மஞ்சள் விளக்கு சொன்ன ஊர்

அத்தியாயம் 3

முனீர் காணாமல் போய் இருபத்தைந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவர் உடம்புக்குள் நேற்று ராத்திரியும் இன்று காலையும் போயிருக்க வேண்டிய இன்சுலின் மட்டும் பத்திரமாக வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பேகம்பூர் வீட்டிலிருந்து தோல் மண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், மண்டிக்குப் போய்ச் சேரவில்லை. செல்போனைக் கட்டிலிலேயே விட்டுவிட்டார். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. சுற்று வட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டாயிற்று. முனீர் என்ற பெயரில் யாரும் சேரவில்லை என்றே எல்லா இடத்திலும் பதில். குடும்ப டாக்டர் மட்டும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கண்டுபிடிங்க. ஊசி இல்லாம இன்னொரு ராத்திரி தாங்க மாட்டார்."

இந்த நேரத்தில் துப்பறியும் கஸ்பார் எங்கே இருந்தார் என்று கேட்கிறீர்களா? நாகல் நகரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், பதினைந்து வருஷத்துப் பழைய வெள்ளைக் காரின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டை முறைத்துக்கொண்டிருந்தார்.

கஸ்பார் துப்பறிய வருவதற்கு முன் பதினான்கு வருஷம் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மனிதர்கள் சொல்லும் கதையைவிட வண்டிகள் சொல்லும் கதையை அதிகம் நம்புகிறவர். அந்த ஒரு குணத்தால்தான் அவருக்கு நண்பர்கள் குறைவு.

"சார், ஆளு காணாமப் போயிருக்காரு. நீங்க காருக்கு ஜோசியம் பார்க்குறீங்க" என்றாள் இஃப்பத். அவருடைய உதவியாளர். வயது இருபத்தைந்து. வாய்க்கு வயது கிடையாது.

"முனீர் பாய் தினமும் கார்லதான் மண்டிக்குப் போவார். நேத்து கார் இல்லாமப் போனார். போனவர் வரலை. அந்த வீட்டுல இந்த வாரம் மாறுனது இந்தக் கார் ஒண்ணுதான். வேற என்னத்தைப் பார்க்கச் சொல்ற?"

வாசலோரம் ஸ்டூலில் ஜெய்தூன் பீவி உட்கார்ந்திருந்தார். முனீரின் மனைவி. ஐம்பத்திரண்டு வயது. மடியில் ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க், அதற்குள் ஊசி மருந்து. எந்த நிமிஷமும் கணவர் கண்ணில் படுவார் என்பதுபோல அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"திங்கக்கிழமை நான்தான் தம்பி அடம்பிடிச்சு வண்டியை இங்க அனுப்புனேன். அந்த மஞ்ச வெளக்கு அணையாம வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதுன்னுட்டேன். ஒடம்பு சரியில்லாத மனுசன், வண்டி நடுரோட்டுல நின்னா என்ன செய்வாக? அதான். இப்ப அவுகளையே காணோம்."

கஸ்பார் மெக்கானிக் மூக்கையாவைப் பார்த்தார். "என்ன விளக்கு அது?"

"எஞ்சின் வெளக்கு சார். பத்து வாரமாப் போராடுறேன்." மூக்கையா தலையிலிருந்த துண்டை எடுத்து உதறினார். டீசல் வண்டியென்றால் சத்தத்தை வைத்தே வியாதியைச் சொல்லிவிடுகிற கைகாரர். பெட்ரோல் வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. "பிளக்கை மாத்துனேன். ஃபில்டரை மாத்துனேன். சென்சார்னு ஒண்ணைச் சொன்னாய்ங்க, அதையும் மாத்துனேன். பேட்டரி வயரைக் கழட்டி மாட்டுனா அணைஞ்சிரும். ஒரு வாரம் நல்லா இருக்கும். அடுத்த புதன்கெழமை காலையில பார்த்தா, பாய் வண்டியோட வந்து நிப்பாரு. திரும்ப எரியும்."

"எப்பவும் புதன்கிழமையா?"

"எப்பவும் புதன்தான் சார். எலுமிச்சம்பழம்கூடக் கட்டிப் பார்த்துட்டேன்."

"எலுமிச்சம்பழத்தைக் கம்ப்யூட்டருக்குள்ள பிழிஞ்சிருந்தா ஒருவேளை கேட்டிருக்கும்" என்றாள் இஃப்பத்.

கஸ்பார் சிரிக்கவில்லை. "இந்தத் தடவை வயரைக் கழட்டுனீங்களா?"

"இல்ல சார், வெறுத்துப் போச்சு. மதுரையிலேருந்து ஒரு ஆளு மிஷினோட வாரேன்னாரு. வர்ற வரைக்கும் எரியட்டும்னு விட்டுட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுனீங்க. போன வாரம் பார்த்ததை வண்டி இன்னும் மறக்கலை." கஸ்பார் கையை நீட்டினார். "இஃப்பத், உன் துப்பட்டா ஊக்கு ஒண்ணு குடு."

"அதுக்கும் சேத்துச் சம்பளம் குடுக்கணும் சார்" என்று முனகியபடி ஊக்கைக் கழற்றித் தந்தாள்.

கஸ்பார் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தார். மூடியில்லாத ஒரு சின்னச் சொருகி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு ஓட்டைகளில் ஊக்கின் இரண்டு முனைகளையும் செருகினார். "இந்த மாதிரி பழைய வண்டிக்கு மிஷின் வேண்டாம். ரெண்டு கம்பியைச் சேர்த்தா அதுவே கண்ணைச் சிமிட்டிச் சொல்லும். நாம எண்ணத் தெரிஞ்சிருந்தாப் போதும்."

சாவியைப் பாதி திருப்பினார். எல்லோரும் மஞ்சள் விளக்கையே பார்த்தார்கள்.

விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. நின்றது. பிறகு நான்கு முறை. இருட்டு. மறுபடியும் இரண்டு. மறுபடியும் நான்கு. மூன்றாம் தடவையும் அதே கணக்கு வந்ததும் கஸ்பார் சாவியை எடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மூலை மடங்கிய டைரியைப் புரட்டினார். சர்வேயர் வேலையை விட்டபின்பும் விடாமல் வைத்திருக்கிற டைரி.

"இருபத்து நாலு. எஞ்சின் ஓடுது, வேகம் தெரியலை."

"அப்படின்னா?"

"எஞ்சின் ரோட்டுல ஓடுற மாதிரி உறுமுது. ஆனா மீட்டர் பக்கமிருந்து வண்டி நிக்குதுன்னு தகவல் வருது. இதுல எதை நம்புறதுன்னு தெரியாம அந்தக் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுக் கூப்பாடு போடுது."

மூக்கையா பானெட்டைத் தூக்கினார். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்குப் போகும் கேபிளின் அடிப்பக்கம் டார்ச் அடித்ததும், அவர் வாயிலிருந்து "அட" என்று ஒரு சத்தம் வந்தது. சுற்றிலும் எண்ணெயும் புழுதியும் அப்பிக் கறுத்துக் கிடந்தது. கேபிளைப் பிடித்திருந்த அந்த ஒரு நட்டு மட்டும் பளபளவென்று இருந்தது.

"நான் இதைத் தொட்டதே இல்லை சார்!"

"தெரியும். இது உங்க வேலை இல்லை. வாடகைக் கார் வேலை."

மூக்கையாவுக்குச் சொல்லாமலே புரிந்தது. டீசல் வண்டிக் காலத்தில் ஊரறிந்த கைவேலை அது. முதலாளிக்குத் தெரியாமல் ஒரு சவாரி அடிக்க வேண்டுமென்றால், டிரைவர் மீட்டர் கேபிளைக் கழற்றிவிடுவான். பழனி வரை போய் வந்தாலும் மீட்டர் ஒரு கிலோமீட்டர் நகராது. திரும்பி வந்து மாட்டிவிட்டால் வண்டி ஷெட்டிலேயே நின்ற மாதிரிதான். எந்த வண்டியும் அதை யாரிடமும் போட்டுக் கொடுத்தது கிடையாது, அந்தக் காலத்தில்.

"பாய் முன்னால வாடகைக் கார் ஓட்டுனாரா?" என்று கேட்டார் கஸ்பார்.

ஜெய்தூன் பீவி எழுந்துவிட்டார். "கல்யாணமான புதுசுல பன்னெண்டு வருசம் ஓட்டுனாக. அதுக்கப்புறந்தான் தோல் மண்டி. ஏன் தம்பி?"

"மீட்டரை யார் பார்ப்பாங்க வீட்டுல?"

அவர் முகம் வெளுத்தது. "நான்தான். ஏப்ரல் மாசம் வண்டி ஓட்டிட்டு வரையில சக்கரை கொறைஞ்சு மயக்கம் வந்துருச்சு அவுகளுக்கு. இனிமே ஊரைத் தாண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத்தான் அவுகளைத் தெரியுமே! அதுலேருந்து தெனமும் சாயங்காலம் சாவியை வாங்கையில மீட்டரைப் பார்த்துருவேன். மண்டிக்குப் போக ரெண்டு, வர ரெண்டு. நாலு கிலோமீட்டருக்கு மேல ஒரு நாளும் ஏறுனதில்லை."

"செவ்வாய்க்கிழமையும் நாலு?"

"நாலுதான்."

"ஆக, பாய் செவ்வாய்க்கிழமை கேபிளைக் கழட்டிட்டு எங்கயோ போறார். புதன்கிழமை விளக்கு எரியுது. தன் கைவேலையாலதான் எரியுதுன்னு தெரியாம, அவரே வண்டியைக் கொண்டாந்து பாரு மூக்கையான்னு நிறுத்துறார்." கஸ்பார் பெருமூச்சு விட்டார். "பத்து வாரமாத் தன்னைத்தானே காட்டிக் கொடுத்திருக்கார்."

ஜெய்தூன் பீவி காரின் டிக்கியைத் திறந்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய பெண்மணி, எங்கே தேட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஸ்டெப்னிக்குப் பின்னால் துணி சுற்றிய எவர்சில்வர் தூக்குச்சட்டி ஒன்று இருந்தது. கழுவிக் கவிழ்த்தது. அதன் அடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது.

ஷரீஃபா.

"இது எங்க வீட்டுச் சட்டி இல்ல" என்றார். "யாரு இந்தப் பொம்பளை?"

ஒர்க்‌ஷாப்பில் மூக்கையா அவசரமாக வேறு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். இஃப்பத் சட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, மோந்து பார்த்தாள்.

"மாமி, அழுவாதீங்க. ஷரீஃபாக்காவுக்கு அறுபத்து மூணு வயசு. நம்ம பேகம்பூர்லதான் தள்ளுவண்டியில ஆட்டுக்கால் சூப்பு விக்கிது. எத்தனை தடவை கழுவுனாலும் அது மெளகு வாடை போகாது." அவள் சட்டியைத் திருப்பிக் கொடுத்தாள். "சின்ன வீட்டுக்குப் போற ஆம்பளை அல்வா வாங்கிட்டுப் போவான். ஆட்டுக்கால் சூப்பா வாங்கிட்டுப் போவான்?"

கஸ்பார் சட்டென்று நிமிர்ந்தார். பின்பு காருக்கு முன்னால் போய், முழங்கால் மடக்கி உட்கார்ந்து, இரண்டு ஹெட்லைட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். வலது பக்கக் கண்ணாடி வெயில் பட்டு மங்கிப் பழுப்பேறியிருந்தது. இடது பக்கக் கண்ணாடி தெளிவாக இருந்தது.

"மூக்கையா, இடது லைட்டு எப்ப மாத்துனது?"

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "ஏப்ரல் கடைசியில சார். நாய் குறுக்க விழுந்துருச்சுன்னு சொன்னாரு."

"மயக்கம் வந்ததும் ஏப்ரல் கடைசியில்தானேம்மா?"

"ஆமா. ஒட்டன்சத்திரம் போய்ட்டு வரையில. லெக்கையன்கோட்டை பிரிவுக்கிட்ட வண்டியை ஓரங்கட்டிட்டுச் செத்த நேரம் படுத்திருந்ததாச் சொன்னாக. நாயைப் பத்தி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே!"

"மூக்கையா, உங்ககிட்ட மயக்கத்தைப் பத்திச் சொன்னாரா?"

"இல்லையே சார்."

"வீட்டுல மயக்கம், இங்க நாய்." கஸ்பார் கையிலிருந்த புழுதியைத் தட்டினார். "ரெண்டு பேர்கிட்டயும் பாதிப் பாதி சொல்லியிருக்கார். இந்த ஊர்ல வாராவாரம் ஆட்டுக்கால் சூப்பு யாருக்குக் கொடுப்பாங்க இஃப்பத்?"

இஃப்பத் மெதுவாகச் சொன்னாள்: "எலும்பு ஒடஞ்சவங்களுக்கு."

ஜெய்தூன் பீவி ஃப்ளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். காரில் அடிபட்டது நாய் இல்லை, மனிதன் என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

*

மஞ்சள் விளக்கு எரிய எரிய, அதே காரை கஸ்பார்தான் ஓட்டினார். பழனி ரோட்டில் வெயிலில் கண் கூசியது. மணி பன்னிரண்டே கால்.

"எப்படி சார் அந்தப் பிரிவுக்கிட்டதான்னு சொல்றீங்க?" என்றாள் இஃப்பத்.

"பெட்ரோல். வாராவாரம் அஞ்சு லிட்டர் கூடக் குடிக்குதுன்னு அம்மா மூக்கையாகிட்டச் சண்டை போட்டிருக்காங்க. அதுக்குத்தான் அவர் பிளக்கை மாத்துனது. அஞ்சு லிட்டர்ல இந்த வண்டி அறுபது, அறுபத்தஞ்சு போகும். போக முப்பது, வர முப்பது. பிரிவு நம்ம ஊர்லேருந்து ஏறக்குறைய முப்பது."

"பஸ்ல போயிருந்தா நேத்துச் சாயங்காலமே திரும்பியிருக்கணுமே?"

கஸ்பார் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முனீர் ஏன் திரும்பவில்லை என்பதுதான் அவருக்கும் பயம்.

பின் சீட்டிலிருந்து ஜெய்தூன் பீவி பேசினார். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே தம்பி. நான் என்ன திட்டியா இருப்பேன்? திட்டியிருப்பேன். ஆனா கூடவே வந்திருப்பேன். அந்த சூப்பை நானே வச்சுக் குடுத்திருப்பேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முப்பது வருசம் ஒண்ணாச் சாப்பிட்டு, ஒண்ணாத் தூங்கி, மீட்டரைப் பார்த்தா தெரிஞ்சிரும்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன் பாரு."

லெக்கையன்கோட்டைப் பிரிவில் கஸ்பார் டீக்கடை அருகே வண்டியை நிறுத்தினார். விசாரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் காரைப் பார்த்ததும் தானே வெளியே வந்தார்.

"இது பாய் வண்டியாச்சுங்களே! நேத்து வண்டி இல்லாம பஸ்ஸுல வந்து இறங்குனாருங்க. டீ வேணாம்னுட்டு, இந்த வெயில்ல நடந்தே போனாருங்க. இன்னும் திரும்பலீங்க."

"எங்க போனார்?"

"சவேரியார்பட்டிக்குத்தானுங்க. உள்ள ரெண்டு கிலோமீட்டருங்க. அங்க ராயப்பராஜுன்னு ஒருத்தரை ஏப்ரல் மாசம் எவனோ கார்க்காரன் இடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டானுங்க. கால் ஒடஞ்சு போச்சுங்க. இந்த ரஃபி பாய்தான் புண்ணியவான், வாராவாரம் வந்து பார்த்துக்கறாருங்க."

"ரஃபி பாயா?" என்றாள் இஃப்பத்.

"அவரு பேரு அதானுங்களே!"

கஸ்பார் வண்டியைக் கிளப்பினார். ஜெய்தூன் பீவியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. பிரார்த்தனையா வசவா என்று சொல்ல முடியாது. இரண்டுமாக இருக்கலாம்.

சவேரியார்பட்டியில் பத்துப் பதினைந்து வீடுகள். ராயப்பராஜ் வீடு கடைசி. கதவில் பூட்டு தொங்கியது.

வாசற்படியில் ரத்தம்.

காய்ந்து கறுத்துப்போன ரத்தம் படியிலிருந்து மண்தரை வரை சொட்டுச் சொட்டாக இறங்கிப் போயிருந்தது. பக்கத்தில் கிழிந்த கட்டுத்துணி. சுவரோரம் ஒற்றைத் தோல் செருப்பு.

"அவுக செருப்பு" என்று மட்டும் சொன்னார் ஜெய்தூன் பீவி. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். யார் என்ன என்று கேட்பதற்கு முன்பே அவளே ஆரம்பித்தாள்.

"நேத்து மத்தியானமுங்க. ஊரே காட்டு வேலைக்குப் போயிருந்துச்சு. நான் வந்துக்கிட்டிருக்கறப்ப ஒரே சத்தமுங்க. 'என்ன மனுசன்யா நீ'ன்னு ராயப்பராஜ் அண்ணன் கத்துறாரு. செபாஸ்தியம்மா அக்கா ஓன்னு அழுவுறாங்க. நான் ஓடியாரதுக்குள்ள ஆரோக்கியதாஸ் டிராக்டர்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. வாசப்படி பூரா ரத்தமுங்க."

"யாரை ஏத்துனாங்க?"

"தூரத்துலேருந்து சரியாத் தெரியலீங்க. ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னாங்க."

கஸ்பார் ரத்தத்தைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், இஃப்பத்தைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நினைப்புதான் ஓடியது. மூன்று மாதம் பொய்ப் பெயரில் சூப்புக் கொடுத்த மனிதர், கார் இல்லாத அன்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். கேட்டவன் கையில் ஊன்றுகோல் இருந்திருக்கிறது.

"சார்" என்றாள் இஃப்பத் தணிந்த குரலில். "மாமிகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க."

"சொல்லலை. நீ அவங்க கையைப் பிடிச்சுக்க."

ஒட்டன்சத்திரம் வரை கஸ்பார் அந்தப் பழைய எஞ்சினிடம் அதன் வயதை மறந்து வேகம் கேட்டார். அது கொடுத்தது. மணி ஒன்றரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது ஜெய்தூன் பீவியின் ஃப்ளாஸ்க்கில் ஐஸ் கரைந்து தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் நோட்டைப் புரட்டினாள். "முனீர்னு யாருமில்லீங்க. காலையிலேயே போன்ல கேட்டாங்க, சொன்னமுங்களே."

"ரஃபி?" என்றார் கஸ்பார்.

அவள் விரல் நோட்டில் இறங்கியது. "நேத்து எமர்ஜென்சியில அவசரத்துல ரெண்டு மூணு பேருக்குப் பேரே எழுதாம விட்டிருக்காங்க. டூட்டி மாறிடுச்சுங்க. கொஞ்சம் இருங்க, கேட்டுச் சொல்றேன்."

ஜெய்தூன் பீவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவரால் இனி ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க முடியாது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

இஃப்பத் கஸ்பாரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "நம்ம ஆளைக் கேட்டா கிடைக்க மாட்டாரு சார். ஒடஞ்ச காலைக் கேளுங்க." மேசைப் பெண்ணிடம் திரும்பினாள். "மேடம், சவேரியார்பட்டி ராயப்பராஜ். கால் ஒடஞ்சவரு. அவரு எங்க?"

"அவருங்களா? மேல பத்தாம் நம்பருங்க."

மூன்று பேரும் படியேறவில்லை, ஓடினார்கள்.

பத்தாம் நம்பர் அறையில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் நாற்பது வயதுக்காரர் ஒருவர், இடது கால் முழுக்கப் புது மாவுக்கட்டுடன், தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். ராயப்பராஜ். அவர் தலைமாட்டில் ஒரு பெண், அவர் மனைவி செபாஸ்தியம்மாள், சேலையில் இன்னும் ரத்தக் கறையோடு நின்றிருந்தாள்.

அடுத்த கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருவர் சுருண்டு கிடந்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

ஜெய்தூன் பீவி ஃப்ளாஸ்க்கைத் தரையில் வைத்தார். கட்டிலைச் சுற்றிப் போய் அந்த முகத்தைப் பார்த்தார். மூச்சு வந்து போவதைப் பார்த்தார். பிறகுதான் அவர் அழுதார். சத்தமாக, யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல்.

உள்ளே வந்த நர்ஸ் கஸ்பாரிடம் சொன்னாள். "நேத்துக் காலையில ஊசியைப் போட்டுக்கிட்டு, சாப்பிடாம வெயில்ல நடந்திருப்பாரு போலங்க, சக்கரை ரொம்ப இறங்கிக் கொண்டாந்தாங்க. இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தா கஷ்டமுங்க. ராத்திரியே சரியாயிடுச்சுங்க. இன்சுலின் கொடுத்துட்டுத்தான் இருக்கோம். விடிகாலையில முழிச்சாரு. பேரு, ஊரு கேட்டா செவுத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டாருங்க. கூட்டியாந்த இவங்களுக்கும் அவரு வீடு தெரியலீங்க, யாருக்குச் சொல்றதுன்னே புரியலை."

"இவர் காலுக்கு என்ன ஆச்சு?" என்று கஸ்பார் ராயப்பராஜைக் காட்டினார்.

செபாஸ்தியம்மாள்தான் பதில் சொன்னாள். "பாய் நேத்து வந்தாருங்க. வந்ததும் உக்காரலை. சூப்புக்கூடக் கொண்டாரலை. 'உன்னை இடிச்சது நான்தான் ராயப்பா'ன்னாரு. சொல்லி வாய் மூடலீங்க, அப்படியே சாஞ்சுட்டாரு. நான் தலையை மடியில வெச்சுக்கிட்டு சீனித் தண்ணி ஊத்துனேன். இவரு 'என்ன மனுசன்யா நீ'ன்னு கத்திக்கிட்டே கம்பை ஊனி வண்டி பிடிக்க ஓடுனாருங்க. வாசப்படியிலேயே விழுந்து, பிளேட்டு வெச்ச எடத்துலயே மறுபடி ஒடஞ்சுருச்சுங்க. விழுந்தவரு எந்திரிச்சு, அந்தக் காலோட ரோடு வரைக்கும் போய் டிராக்டரைக் கூட்டியாந்தாரு."

கஸ்பார் பதினான்கு வருஷத்தில் நூற்றுக்கணக்கான விபத்துகளை எழுதியவர். இப்படி ஒன்றை எழுதியதில்லை.

"மூணு மாசமா என் வீட்டுக்காரர் உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்காக" என்றார் ஜெய்தூன் பீவி. முகத்தைத் துடைத்துக்கொண்டு ராயப்பராஜின் கட்டில் பக்கம் வந்து நின்றிருந்தார். "வாராவாரம் சூப்பு கொண்டாந்ததுக்கு, ஒரே ஒரு தடவை போலீஸுக்குப் போயிருந்தா உங்களுக்கு இன்ஷூரன்ஸாவது கெடச்சிருக்கும். இடிச்சது இவுகதான்னு தெரிஞ்சுமா தம்பி இவுகளைத் தூக்கிக்கிட்டு ஓடுனீக?"

ராயப்பராஜ் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அவர் கண்ணில் கருணை ஒன்றும் பொங்கி வழியவில்லை. களைப்பும் கோபமும்தான் இருந்தன.

"கோவம் இல்லாம இல்லீங்க. நெறைய இருக்குதுங்க. என் சாப்பாட்டுத் தட்டுல கை வெச்சுச் சாப்பிட்ட மனுசன், எம் பையன் படிப்பைப் பத்திக் கேட்ட மனுசன், மூணு மாசம் என் மொகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்காருங்க." அவர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "ரோட்டுல என்னையப் போட்டுட்டு எப்படிய்யா போனேன்னு அவரைக் கேக்கணுமுங்க. கேக்குறதுக்கு அவரு உசுரோட இருக்கணுமில்லீங்களா?"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முதுகு குலுங்க ஆரம்பித்தது.

இஃப்பத் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கஸ்பார் கதவைச் சாத்தினார், வெளியே போகிறவர் வருகிறவர் காதில் விழாமலிருக்க.

முனீர் மெல்லப் புரண்டார். டிரிப்ஸ் குழாய் இழுபட்டது. ஜெய்தூன் பீவி அதைச் சரி செய்தார், ஆனால் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. இதை முனீர்தான் பேசியாக வேண்டும்.

"எம் பேரு ரஃபி இல்ல" என்றார் முனீர். நாக்கு உலர்ந்திருந்தது. "முனீர். பேகம்பூர். மயக்கம் தெளிஞ்சப்ப நீ கீழ கெடந்தே ராயப்பா. மூச்சு இருந்துச்சு. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன்."

செபாஸ்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ராயப்பராஜ் கைகளை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேல சொல்லுங்க பாய்" என்றார். "ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

ஜெய்தூன் பீவி ஒரு ஸ்டூலை இழுத்து இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் போட்டு, அவரும் கேட்க உட்கார்ந்தார்.